கோட்டை வாசலில் நிற்பவர் யார்?

ஏற்கெனவே ஒருவர் படைத்து வைத்த கதை உலகத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஆடுவதற்கு ரோல்ப்ளேயிங் கேம் கட்டுரை எழுதுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் அது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். அவர் கையில் வைத்துக்கொண்டு நடத்துவதற்கான எழுத்தைத்தான் கட்டுரை என்கிறேன். நானும் எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதுவதையும் விடாமல் படிக்கிறேன். எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். பெரும்பாலான கட்டுரைகளை வைத்துக்கொண்டு ஆட முடிவதில்லை. உலகத்தைப் பற்றி எல்லாம் இருக்கிறது, ஆடுகிறவர் கால் வைக்க இடம் இல்லை.

என் முதல் கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. உயிராக நேசித்த ஒரு நாவல் வரிசையில் வரும் கோட்டை நகரத்தைப் பற்றி இருபது பக்கம். அரச வம்சாவளி, கொடிகளின் நிறம், எந்தப் போர் எப்போது நடந்தது, எல்லாவற்றையும் நாவல்களை வரி வரியாகப் புரட்டிச் சேர்த்தேன். ஆட்டம் நடத்தவிருந்த நண்பனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான்.

"முழுசா படிச்சிட்டேன்டா, அருமையா இருக்கு. ஆனா நாளைக்கு நாலு பேரும் கோட்டை வாசல்ல வந்து நிப்பாங்க. அப்போ நான் என்ன பண்ணட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வாசல் எந்தக் கல்லால் கட்டப்பட்டது என்று எழுதியிருந்தேன். அங்கே காவலுக்கு நிற்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும், என்ன சொன்னால் கதவைத் திறப்பார் என்று ஒரு வரி கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் நல்ல முன்னோடிகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 1981-இல் வந்த 'கால் ஆஃப் துலு', அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் திகில் கதைகளை வைத்துச் செய்த ஆட்டம். அதை உருவாக்கிய சாண்டி பீட்டர்சன், அந்தக் கதைகளில் வரும் கொடூர உருவங்களுக்கு அவற்றின் பலத்தைக் காட்டும் எண்கள் போட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கேரக்டருக்கும் மனத்தெளிவு என்று ஓர் அளவு வைத்தார். பார்க்கக் கூடாததைப் பார்த்தால் பகடை உருட்ட வேண்டும், தவறினால் தெளிவு குறையும். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. அந்தப் பழைய ரகசியங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு மனத்தெளிவின் உச்சவரம்பு இறங்கும். அறிவு 10 ஆனால் தெளிவு 89-க்கு மேல் ஏறவே ஏறாது. லவ்கிராஃப்டின் கதைகளில் உண்மையைத் தெரிந்துகொள்வதுதான் ஆபத்து. அதை விளக்கிப் பத்துப் பக்கம் எழுதுவதற்குப் பதிலாக, ஆடுகிறவர் தன் கையாலேயே எண்ணை அடித்துத் திருத்தும்படி செய்துவிட்டார்.

கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் கொண்டுவந்த 'பென்டிராகன்' ஆர்தர் மன்னனின் கதைகளைப் பின்னணியாகக் கொண்டது. அதில் இரக்கம்–கொடூரம், வீரம்–கோழைத்தனம் என்று 13 ஜோடிக் குணங்கள். ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. இரக்கம் 14 என்றால் கொடூரம் 6. தோற்று மண்டியிட்ட எதிரியை வெட்டிவிடலாம் என்று நீங்கள் நினைத்தாலும், பகடை உங்கள் வீரனின் கையைத் தடுக்கலாம். அந்தக் கதைகளில் வரும் வீரர்களும் இப்படித் தங்கள் குணத்தோடு போராடுகிறவர்கள்தானே.

ஆகவே, எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த உலகம் யாரைத் தண்டிக்கிறது, எதற்குப் பரிசு தருகிறது? பதில் கிடைத்தால் விதி தானாக வந்துவிடும்.

அடுத்தது நாயகர்கள் விஷயம். மூலக்கதையின் நாயகனுக்குப் பக்கம் பக்கமாக எண்கள் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அவன் ஆட்டத்துக்குள் வந்த நிமிடமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஓரத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற நிறுவனம் 1987-இல் ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தை வெளியிட்டபோது, படத்தில் ஒரு நொடி தலைகாட்டிய இனங்களுக்குக் கூடப் பெயரும் வரலாறும் எழுத வேண்டியிருந்தது. பிறகு எழுத்தாளர் டிமோத்தி ஜான் 1991-இல் வெளிவந்த தன் ஸ்டார் வார்ஸ் நாவலை எழுதும்போது, பின்னணித் தகவலுக்கு அந்த ஆட்டப் புத்தகங்களைத்தான் அவருக்கு அனுப்பினார்கள். ஓரத்தை நிரப்பிய எழுத்து மூலத்துக்கே திரும்பிப் போனது.

உரிமை விஷயம் ஒன்று. காசுக்கு விற்பதாக இருந்தால் அனுமதி வாங்குங்கள். 1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம் கூட, டோல்கீனின் நாவல்களில் வரும் குள்ள இனமான ஹாபிட் என்ற பெயரைப் பின்னால் ஹாஃப்லிங் என்று மாற்ற வேண்டிவந்தது.

மூலக்கதையை மீறலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மீறத்தான் வேண்டும். கட்டுரை எந்த இரவில் தொடங்குகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்த இரவு வரை மூலக்கதைக்கு முழு விசுவாசம். அதற்குப் பிறகு நாவலில் சாகும் ராஜாவை ஆடுகிறவர்கள் காப்பாற்றினால், அவர் பிழைக்கட்டும்.

சரி, அந்தக் கோட்டைக்கு வருகிறேன். கட்டுரையை நான்கு பக்கமாகத் திருப்பி எழுதினேன். வாசலில் ஒரு வயதான காவலர். பொழுது சாய்ந்தால் யாருக்கும் திறக்க மாட்டார். அவர் சத்தியம் செய்து கொடுத்தது செத்துப்போன ராஜாவுக்கு, இப்போது இருப்பவருக்கு அல்ல. வம்சாவளியில் நான் மிச்சம் வைத்தது அந்த ஒரு வரிதான். அவருடைய மகன் உள்ளே சிறையில் இருக்கிறான்.

நண்பன் ஆட்டம் நடத்தினான், நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேர் காவலரை ஏமாற்றுவதா அடிப்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் வேடத்தில் ஆடிய பெண் பகடையைத் தொடவே இல்லை. "ஐயா, உங்க பையனுக்கு என்ன வயசு?" என்றாள்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காவலராகவே, "பத்தொன்பது" என்று சொல்லிவிட்டு, தாழ்ப்பாளைத் தேடுவதுபோல மெதுவாகக் கையை நீட்டினான்.

அந்த வயது என் கட்டுரையில் இல்லை.