ஏழு வரிக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் மருந்துக்கடை பில்லிங் சாஃப்ட்வேருக்கு வந்த புது அப்டேட்டைப் பற்றிப் போன வாரமே இங்கே புலம்பிவிட்டேன். "பழகிடும் அண்ணே" என்று ஆறுதல் சொன்ன தம்பிகளுக்கு நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது. பழகவில்லை.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். பழைய பில்லிங் திரையில் ஒரே பார்வையில் 24 மருந்து தெரியும். இப்போது 7. அதே லேப்டாப், அதே 1366×768 திரை. மேலே ஒரு நீலப் பட்டை, அதில் சாஃப்ட்வேரின் பெயர். அதற்குக் கீழே "வணக்கம், இன்றைய நாள் இனிதாகட்டும்" என்று இன்னொரு பட்டை. என் கடையில் எனக்கே வரவேற்பு! இடப்பக்கம் நான் தொடவே தொடாத பத்துப் பட்டன்கள். மிச்சம் மீதியில் நான் பில் போட வேண்டும். எக்ஸ்பயரி தேதியைப் பார்க்க வலப்பக்கம் தள்ள வேண்டும். மருந்துக்கடையில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதானய்யா.

1996-ல் நான் வேலைக்குச் சேர்ந்த மொத்தக்கடையில் டாஸ் பில்லிங், விண்டோஸுக்கு முந்தைய எழுத்துத் திரை. கறுப்புத் திரையில் 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அழகெல்லாம் கிடையாது. ஆனால் முதலாளி பின்னால் நின்று ஒரு ஓட்டம் பார்த்துவிட்டு, "பதினொண்ணாவது ரேட் தப்பு" என்பார். (ரேட் போட்டது நான்தான், அது வேறு கதை.) இன்றைய திரையில் எட்டாவது வரியே கிடையாது.

"இது டச் காலம், விரல் பட இடம் வேண்டாமா?" வேண்டும், போனில். தொடும் பட்டன் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது, கூகுள் 48 டிபி என்கிறது (இரண்டும் திரை அளவுக்கான அலகு). எல்லாம் விரலுக்குச் சொன்ன கணக்கு. நான் பிடித்திருப்பது மவுஸ், அதன் முனை எள்ளளவு. பில் போடும்போது அதையும் தொடமாட்டேன், கீபோர்டுதான்.

"வயதானவர்களுக்குப் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?" நியாயமான கேள்வி. எனக்கும் 50 ஆகிறது. ஆனால் எழுத்து பெரிதாகவில்லையே! அதே அளவுதான், கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வேறு. பெருத்தது எழுத்தைச் சுற்றி இருக்கும் வெற்றிடம்.

"பெரிய மானிட்டர் வாங்குங்க." ஏன், நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

ஜிமெயிலில் வரிகளை நெருக்கிக்கொள்ள 'காம்பாக்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அப்படி ஒன்று கொடுங்கள் என்று சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சார், ஸ்கிரீன் மூச்சு விட இடம் வேணும்" என்றது அந்தப் பக்கக் குரல். ஆஸ்துமா போலிருக்கிறது. இன்ஹேலர் ஸ்டாக் இருக்கிறது, அனுப்பி வைக்கவா?

சரி, கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன். மாதாமாதம் ஒரு பாட்டி வருவார், 14 மருந்து. போன வாரம் சர்க்கரை மாத்திரையை இரண்டாவதாகப் போட்டேன். பட்டியல் நகர்ந்து அது மேலே போய் மறைந்தது. கடையில் கூட்டம். மறுபடியும் போட்டிருக்கிறேன். பாட்டி வீட்டுக்குப் போய், பேரன் பார்த்துச் சொல்லி, வெயிலில் திரும்பி நடந்து வந்தார். திட்டவில்லை. "பரவால்லப்பா" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனக்குறைவு உங்களுடையது" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். என்னுடையதுதான். 24 வரி தெரிந்தவரை இந்தத் தப்பு ஒருமுறைகூட நடந்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதை வரைந்தவர்கள் ஒரே ஒரு நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு என் கவுன்டருக்குள் வந்து நிற்கட்டும். எங்களை யார் கேட்டார்கள்? மாதச் சந்தா மட்டும் கரெக்டாக எடுக்கத் தெரிகிறது.

இப்போது பில்லிங் ஓடும் பிரவுசரை 67 சதவீதத்துக்குச் சுருக்கி வைத்திருக்கிறேன். 12 வரி தெரிகிறது, கண்ணாடி போட்டால்.

நேற்று பாட்டி பேரனுக்கு இருமல் மருந்து வாங்க வந்தார். மூன்றே பொருள். பில்லை வாங்கி, வாசலிலேயே நின்று, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். இத்தனை வருடத்தில் அவர் எண்ணி நான் பார்த்ததில்லை.