அவனுகளுக்கு எதுக்குங்க வக்கீலு?

எங்க கொங்குப் பக்கம் பெரிய குற்றம் எது நடந்தாலும் மறுநாளே இரண்டு கோரிக்கைகள் கிளம்பிவிடும். ஒன்று, போட்டுத் தள்ளுங்க. இன்னொன்று, எந்த வக்கீலும் இவனுகளுக்கு ஆஜராகக் கூடாது. முதலாவதைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள்கூட இரண்டாவதுக்குத் தலையாட்டுகிறார்கள். பேக்கரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க தம்பி, பொள்ளாச்சிப் பசங்களுக்கெல்லாம் வக்கீல் ஒரு கேடுங்களா?”

வேணுமுங்க. பொள்ளாச்சியில் அந்தக் கும்பலின் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காகவே வேணும்.

1997 டெல்லி பஸ் குண்டுவெடிப்பு வழக்கைப் பாருங்கள். ஒருவருக்குத் தூக்கு விதித்தார்கள். பெரும்பாலான சாட்சிகளை விசாரித்தபோது அவர் பக்கம் வக்கீலே இல்லை. 2012இல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. கடைசியில் ஆள் விடுதலை. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு என்ன மிஞ்சியது?

பொள்ளாச்சி வழக்கு அப்படி ஆகியிருந்தால் அந்தப் பெண்கள் மறுபடி கூண்டேறியிருக்க வேண்டும். 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியில் சொன்ன ஊருங்க இது! அப்புறமும் தைரியமாக வந்து சாட்சி சொன்னார்கள். மூடிய அறையில் விசாரணை, எதிர்த்தரப்பு வக்கீல்களின் குறுக்கு விசாரணை எல்லாவற்றையும் தாண்டி ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் ‘எங்களுக்கு வக்கீல் வைக்க விடவில்லை’ என்று மட்டும் அவர்கள் சொல்ல முடியாது.

சொல்லப்போனால் இந்த விஷயத்தில் நாடு முழுக்கச் செல்லும் தீர்ப்பு கோவையிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. வக்கீல்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில், வழக்கில் சிக்கிய போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராக மாட்டோம் என்று இங்கே வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. இப்படி எந்தச் சங்கம் தீர்மானம் போட்டாலும் செல்லாது என்று 2010 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அரசமைப்புச் சட்டம் 22(1). காசில்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி தரச் சொல்கிறது 39ஏ. லத்தி வைத்திருந்தவருக்கே வக்கீல் கிடைக்காத நிலை வந்தது என்றால், தறி ஓட்டுகிறவர் கதியை யோசியுங்கள்.

நேர்மையான விசாரணை குற்றவாளிக்கு மட்டும் தேவை என்று யார் சொன்னது? 2015இல் சாதி ஆணவத்துக்குப் பலியாகி, பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்த தலித் இளைஞர் கோகுல்ராஜின் தாயைக் கேளுங்கள். நாமக்கல்லில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். அந்தத் தாய் போராடித்தான் வழக்கு மதுரைக்குப் போனது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. சொந்த மாவட்டத்தில் கிடைக்காத நியாயத்தை வேறு ஊருக்குப் போய் வாங்க வேண்டியிருந்தது. எங்க ஊர் கௌரவம் பேசுகிற அண்ணன்மார்களுக்கு இது உறைக்கவே மாட்டேன் என்கிறது. சாதிச் சங்க மேடையில் மாலை வாங்கியவர்களை நாம் பார்க்காததா?

கோபம் அங்கே திரும்பட்டும். சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு திட்டத்தையே 2018இல் சுப்ரீம் கோர்ட் ஏற்று, அதைச் சட்டம் மாதிரி மதிக்கச் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்கள், ‘வக்கீல் வரக் கூடாது’ என்கிற வரியை அடித்துவிட்டு, சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று எழுதுங்க.