காலுக்குக் கால் சீப்பு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ஒட்டுக்கடை, காலை ஏழரை மணி. மேசையில் தே தாரிக் இரண்டு, ரொட்டி சானாய் ஒன்று, விகாரமான செம்பனைப் பழம் ஒன்று. தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து ஓய்வுபெற்ற மாரிமுத்து தண்டலும், செம்பனைத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்யும் அவருடைய அக்கா மகள் சரசுவும்.

தண்டல்: தம்பி, குறாங் மானிஸ், சீனி கம்மின்னு சொன்னேன்ல? பாயாசம் மாதிரி இருக்கு! சரி விடு. சரசு, நீ இதப் பாரும்மா. பழமா இது? சுத்தி அஞ்சாறு மடல். எவனோ செய்வினை வெச்சுட்டான்.

சரசு: செய்வினையும் இல்ல, ஒன்னும் இல்ல மாமா. இதுக்குப் பேரு மேண்டில்ட். போர்வை போத்துன பழம். நட்டது திசுவுல வளத்த குளோன் கன்னுதானே?

தண்டல்: ஆமா லா. விதைக் கன்னவிட விலை கூட. மூணு வருசம் காத்திருந்து இப்பத்தான் குலை தள்ளுச்சு.

சரசு: குலை தள்ளுறவரைக்கும் மரத்தைப் பாத்து ஒன்னும் சொல்ல முடியாது. பெண் பூவுல வளராமச் சின்னதா நிக்கவேண்டிய ஆண் உறுப்பு, சூலகம் மாதிரி சதை வெச்சிடுச்சு. இந்தக் கோளாறு முத்திப்போன மரத்துல விதை பிடிக்காது, குலை அப்படியே அழுகிடும். எண்ணெயும் போச்சு.

தண்டல்: பழம் வெட்ட அனுப்புன ஆளு மருந்தடிக்கப் போயிட்டான்னு சொல்லு. ஆனா ஒன்னு கேக்குறேன். நாமளும் ஒரே உயிரணுவுலருந்து வந்தவங்கதானே? என் ஈரலு என்னிக்காவது மறதியில பல்லு முளைக்க வெச்சிருக்கா?

சரசு: இல்லையே! இத்தனைக்கும் ஈரல்லயும் ஈறுலயும் இருக்கிற டிஎன்ஏ ஒன்னுதான்.

தண்டல்: அப்ப வேலை பிரிச்சுக் குடுக்க உள்ள ஒரு தண்டல் இருக்கணும்.

சரசு: இருந்தாரு. பழ ஈ முட்டையில பாத்தா நல்லாத் தெரியும். முதல் சில மணி நேரத்துல சில புரதங்க வரிசையா நின்னு, “நீ தலை, நீ நெஞ்சு, நீ வயிறு”ன்னு தோட்டத்துல காலையில ஆள் பிரிக்கிற மாதிரி பெரட்டு நடத்தும். நடத்தி முடிச்சதும் ஆளே காணோம்.

தண்டல்: பெரட்டு முடிஞ்ச கையோட கள்ளுக்கடைக்கா?

சரசு: செதைஞ்சே போயிடும் மாமா! ஆனா முட்டை முழு ஈயாக 25 டிகிரியில சுமார் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் ஒவ்வொரு அணுவும் தன் வேலைய மறக்கக் கூடாது.

தண்டல்: தொரை இல்லாட்டி என்னா? செக்ரோல் பதிவுல பேரு இருந்தா போதுமே.

சரசு: அதேதான்! டிஎன்ஏ நூலு சும்மா தொங்காது. ஹிஸ்டோன்ங்கிற புரதம் எட்டு சேர்ந்த உருண்டைல, உருண்டைக்கு 147 எழுத்துன்னு சுத்தியிருக்கும். அந்த உருண்டைக்கு வால் உண்டு. எச்3ங்கிற ஹிஸ்டோனோட வால்ல 27ஆவது இடத்துல மெத்தில்ங்கிற சின்ன வேதிக் குறி மூணு வெச்சா, “இந்த மரபணு மூடியிருக்கு, தொடாதே”ன்னு அர்த்தம். குறி வெக்கிறது பாலிகோம்ங்கிற புரதக் கூட்டம். திறந்திருக்கிறத மூட விடாமப் பாத்துக்க டிரைத்தோராக்ஸ்னு எதிர்க்கட்சி ஒன்னும் இருக்கு.

தண்டல்: கோம்னா சீப்பு இல்ல?

சரசு: சீப்புதான். ஆண் ஈக்கு முன்னங்கால்ல மட்டும் சீப்பு மாதிரி முள்வரிசை, பொண்ணப் பிடிச்சுக்க. 1947ல பாமேலா லூயிஸ் ஒரு மாறுபட்ட ஈ கண்டாங்க. நடுக்கால், பின்னங்கால்லயும் சீப்பு.

தண்டல்: ஆறு காலுக்கும் சீப்பா! தலையில முடி இருக்கான்னு பாத்தாங்களா?

சரசு: அந்த ஈல பாலிகோம் பழுதாகி, மூடி வெச்ச மரபணு திறந்துக்கிட்டதால, பின்னங்கால் தன்னை முன்னங்கால்னு நெனைச்சிடுச்சு.

தண்டல்: சரி, ஒரு சந்தேகம். அணு ரெண்டாப் பிரியுதுல்ல? செக்ரோலும் ரெண்டாக் கிழியுமே?

சரசு: சரியான இடத்துல பிடிச்சிங்க மாமா, கிழியத்தான் செய்யும். பழைய உருண்டைல பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். காலி இடத்துல குறியில்லாத புது உருண்டை. குறி வெக்கிற நொதிக்கு ரெண்டு கை. ஒரு கை பழைய குறியத் தடவிப் பாக்கும், இன்னொரு கை பக்கத்து உருண்டைல அதையே எழுதும்.

தண்டல்: கணக்கெழுதுற கிராணி நேத்துப் பக்கத்தப் பாத்து இன்னிக்கு எழுதுற மாதிரி. தப்பு வராதா?

சரசு: பாத்து எழுதுறது மட்டும் பத்தாது. ஈயோட டிஎன்ஏல “இங்க வந்து எழுது”ன்னு விலாசப் பலகை மாதிரி ஒரு துண்டு இருக்கு. பெரட்டெல்லாம் முடிஞ்சப்புறம் அதை மட்டும் வெட்டி எடுத்துப் பாத்தாங்க, 2017ல. குறி உடனே போகல. அணு பிரியப் பிரியப் பாதி, கால், அரைக்கால்னு கரைஞ்சது. சில தடவை பிரிஞ்சதும் தூங்கின மரபணு முழிச்சுக்கிச்சு.

தண்டல்: பலகை இல்லாத வீட்டுக்குத் தபால்காரன் எத்தனை நாள் நெனப்புலயே வருவான்? அது கெடக்கட்டும், என் பழத்துக்கு வா.

சரசு: உங்க பழத்துல வேற பேனா. அங்க குறி டிஎன்ஏ மேலயே இருக்கும். பிரதி எடுத்ததும் பழைய இழைல குறி இருக்கும், புது இழைல இருக்காது. நொதி பாத்துப் பாத்து நிரப்பணும். எங்க கூடத்துல என்ன செய்றோம்? விரியாத குருத்து இலைய நறுக்கி, ஆக்சின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் கலந்த ஊடகத்துல வெச்சு, “நீ இலைங்கிறத மற”ன்னு மாசக்கணக்காக் கெஞ்சுறோம். மறந்தாத்தான் திசுக்கட்டி வரும், அதுல கரு வரும், அப்புறம் கன்னு. சிலது மறக்கக் கூடாததையும் சேத்து மறந்துடுது.

தண்டல்: எதை மறந்துச்சு?

சரசு: டெஃபிசியன்ஸ்னு பூவுறுப்ப முடிவு பண்ற மரபணு ஒன்னு. அதுக்கு நடுவுல ஒரு தாவும் டிஎன்ஏ வந்து குந்தியிருக்கு. அது மேல மெத்தில் குறி இருந்தா மரபணு ஒழுங்காப் படிக்கப்படும். குறி போச்சுன்னா வாசிப்பு அங்கயே திசை மாறி, அரைகுறைப் புரதந்தான். 2015ல மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளருங்க கண்டுபிடிச்சது. எழுத்து ஒன்னுகூட மாறல மாமா, குறிதான் போச்சு.

தண்டல்: அந்தக் குந்திக்கிட்டிருக்கிறதுக்குப் பேரு?

சரசு: ம்... கர்மா.

தண்டல்: என்னாது?

சரசு: நெசமாத்தான். குறி இருந்தா நல்ல கர்மா, இல்லாட்டி கெட்ட கர்மான்னு அவங்களே எழுதியிருக்காங்க.

தண்டல்: வினைன்னு நான் சொன்னா சிரிக்கிற. அவங்க சொன்னா ஆராய்ச்சி!

சரசு: அவங்க வினைய இலையிலயே சோதிக்கலாம் மாமா. கன்னா இருக்கும்போதே ஒரு துண்டு இலை போதும், கெட்டதக் கழிச்சிடலாம். அடுத்த தடவை வாங்குறப்ப சோதிச்ச கன்னான்னு கேளுங்க. நட்டதுல, கோளாறு லேசா வந்த மரம் சிலது வருசம் போகப் போகச் சரியாகிறதும் உண்டு. குலை அழுகிறத வெட்டிட வேண்டியதுதான்.

தண்டல்: பாக்குறேன். தம்பி, இன்னொரு தே! குறாங் மானிஸ்!

சரசு: இப்பத்தானே அந்தத் தம்பிக்கிட்ட சொன்னிங்க?

தண்டல்: அவன்கிட்ட ஒவ்வொரு கப்புக்கும் புதுசா எழுதணும்மா.