ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு நஷ்டஈடு கேட்க எந்த வக்கீலைப் பிடிப்பது?

கிருஷ்ணகிரியில் நல்ல வக்கீல் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஒருவர் நிலத் தகராறில் கெட்டி, இன்னொருவர் கிரிமினல் கேஸில் கெட்டி, லாரி ஆக்சிடென்ட் கேஸ் நடத்துகிறவர்களுக்கோ நம் ஊரில் பஞ்சமே இல்லை, பெங்களூரு ரோடு அப்படி. அவர்கள் யாரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியிலோ பிரேக் லைனிங் பட்டறையிலோ வருஷக்கணக்கில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி குடித்து நுரையீரல் போனவருக்கு இந்தப் பெயர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுதான் என் கருத்து. இதே விஷயத்துக்காக இப்போது சில பேர் போனில் கேட்டுவிட்டதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

ஆக்சிடென்ட் கேஸ் என்றால் ஒரு தேதி இருக்கும், வண்டி நம்பர் இருக்கும், எஃப்ஐஆர் இருக்கும். இந்த நோய்க்கு அது எதுவும் கிடையாது. தூசி உள்ளே போனது ஒரு காலம், மூச்சு வாங்க ஆரம்பிப்பது இருபது, முப்பது வருஷம் கழித்து. அதற்குள் அந்தக் கம்பெனி கைமாறியிருக்கும், காண்ட்ராக்டர் செத்துப் போயிருப்பார், கூட வேலை பார்த்தவர்கள் திருப்பூரிலும் பெங்களூரிலும் சிதறிக் கிடப்பார்கள். நோயை நிரூபிக்க ஸ்கேன் போதும். அந்த ஆள் அந்த இடத்தில் அந்த வேலையைத்தான் பார்த்தார் என்று நிரூபிப்பதில்தான் மொத்த வழக்கும் நிற்கிறது. அதனால் முதல் சந்திப்பில் வக்கீல் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிப் புரட்டிவிட்டு "பார்த்துக்கலாம், வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் பெரியப்பா வெளிமாவட்டத்தில் ஒரு ஷீட் கம்பெனியில் இருந்தவர். கலவை போடுகிற இடத்தில் வேலை. இருமல் வந்ததும் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை என்ற பிறகும் கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. வேறு ஒரு டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்ன பிறகுதான் ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வருகிற நுரையீரல் நோய் என்றே தெரிந்தது. அப்புறம் தர்மபுரியில் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம், சின்ன ஆபீஸ், பெரிய பெயர் ஒன்றும் இல்லை. அவர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"மூட்டை எதுல வரும்ங்க ஐயா, சாக்கா, பிளாஸ்டிக்கா?"

"சாக்குதாம்மா. கத்தியால கீறி கையாலயே கொட்டுவோம்."

"சம்பளம் யார் கையில வாங்குவீங்க? கம்பெனி ஆபீஸ்லயா, மேஸ்திரிகிட்டயா?"

"மேஸ்திரிதான் குடுப்பாரு. கையெழுத்து மட்டும் கம்பெனி நோட்டுல."

"காலி சாக்கு எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"நாங்க எடுத்துட்டு வந்துடுவோம்மா. வீட்டுக்காரம்மா நல்லா உதறிட்டு ராகி கொட்டி வைக்கும்."

அந்த இடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டார். "அம்மாவுக்கு இருமல் ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார். பெரியம்மாவுக்கு 1923ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் நஷ்டஈடு கிடையாது, அவர் தொழிலாளி இல்லை, அது அந்த வக்கீலுக்கும் தெரியும். ஆனாலும் முதலில் அவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள் என்று சொன்னார். இந்த நோயை உள்ளும் புறமும் தெரிந்த ஆள் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் கம்பெனி நோட்டில் என்பதை அவர் கோடு போட்டுக் குறித்துக்கொண்டதையும் பார்த்தேன். காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வைத்திருந்தாலும் அசல் முதலாளிதான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மேஸ்திரி மேல் மட்டும் கேஸ் போடுகிற வக்கீலிடம் மாட்டினால் ஜெயித்தாலும் பணம் வராது.

அடுத்தது இஎஸ்ஐ, அதாவது சம்பளத்தில் பிடித்தம் செய்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு. இது தெரியாமல்தான் பல கேஸ் பாழாகிறது. இஎஸ்ஐ பிடித்தம் செய்த தொழிலாளி என்றால் அவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் கமிஷனரிடம் (நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கிற அதிகாரி) போக முடியாது, இஎஸ்ஐ மெடிக்கல் போர்டு வழியாக ஊனப் பலன்தான் கேட்க வேண்டும், அதில் தகராறு என்றால் இஎஸ்ஐ கோர்ட். இஎஸ்ஐ இல்லாதவர்தான் கமிஷனரிடம் போக வேண்டும். இதை முதல் நாளே கேட்காத வக்கீல் தப்பான இடத்தில் மனுப் போட்டு, இரண்டு வருஷம் கழித்து அது தள்ளுபடியாகி, அதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது? இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வேறு நடைமுறைக்கு வந்துவிட்டன. அதனால் "என் கேஸ் பழைய சட்டத்திலா புதுசிலா, எந்த அதிகாரி முன்னாடி?" என்று தைரியமாகக் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி அவர் பதில் சொல்ல வேண்டும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்றால் அவர் வேண்டாம்.

கெடு விஷயத்தையும் கேளுங்கள். பழைய சட்டப்படி இரண்டு வருஷம், அதுவும் நோயால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமல் போன முதல் நாளிலிருந்து கணக்கு. தாமதமானாலும் தக்க காரணம் இருந்தால் கமிஷனர் ஏற்கலாம். டிபி என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது தக்க காரணம் இல்லையா? அதை மனுவில் விவரமாக எழுதத் தெரிந்தவர் வேண்டும். வேலையை விட்டு வந்த பிறகு தெரிந்த நோய் என்பதற்காக வழி அடைந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

பணம் பற்றிப் பேசுவோம். நெட்டில் தேடினால் அமெரிக்க வக்கீல் கம்பெனி விளம்பரம்தான் முதலில் வருகிறது, ஜெயித்தால் எங்களுக்குப் பங்கு, தோற்றால் காசு வேண்டாம் என்று. அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே நஷ்டஈட்டில் பங்கு பேசி கேஸ் எடுப்பதே இந்திய பார் கவுன்சில் விதிப்படி கூடாது, வக்கீல் ஆள் பிடிக்கவும் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து "மூணுல ஒரு பங்கு குடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்கிற புரோக்கர்கள் நம் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். மூச்சு விட முடியாமல் கிடக்கிறவருடைய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு! இது எனக்கு ஆறவே இல்லை. ஃபீஸ் இவ்வளவு, எப்போது எவ்வளவு என்று முதலிலேயே பேசி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கோடி கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவரையும் நம்ப வேண்டாம். பழைய சட்டத்திலேயே கணக்கு இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000 என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். முழு நிரந்தர ஊனம் என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும், 55 வயதுக்கு 135.56. ஆக 12 லட்சத்து 20 ஆயிரத்துச் சொச்சம். உழைக்கும் திறன் பாதிதான் போனது என்று டாக்டர் எழுதினால் இதிலும் பாதிதான். அதனால் மூச்சுத்திறன் பரிசோதனை, ஸ்கேன் இரண்டையும் வைத்து சதவீதம் எழுதிக் கொடுத்து, கூப்பிட்டால் வந்து சாட்சியும் சொல்கிற டாக்டர் யார் என்று வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாத முதலாளியிடம் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் கேட்கலாம். மனுவில் இதைக் கேட்க மறக்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி. 1995இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பதிவேட்டைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புவீர்களா என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அந்தத் தீர்ப்பையே கேள்விப்படாதவர் என்றால் இந்த வழக்குக்கு அவர் சரிப்பட மாட்டார்.

போகும்போது சும்மா போகாதீர்கள். பிஎஃப் சர்வீஸ் விவரம், இஎஸ்ஐ அட்டை, பழைய கேட் பாஸ், கேன்டீன் டோக்கன், சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீது, ஆயுத பூஜைக்கு கம்பெனிக்குள் எடுத்த போட்டோ, எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி அடியில் மடங்கிக் கிடந்த ஒரு கேட் பாஸில் பிரிவு என்ற இடத்தில் "மிக்ஸிங்" என்று எழுதியிருந்தது. மேஸ்திரி ஆள், எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி, அதன் நகலைப் பார்த்த பிறகு சமாதானம் பேச ஆள் அனுப்பியது. கொஞ்சம் பணம் கொடுத்து "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அந்த மாதிரி உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்று வக்கீல் அம்மா ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட்டிலும் கிரஷரிலும் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், கல் தூசியால் வருகிற சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயும் அதே 1923 சட்டத்தின் தொழில் நோய் அட்டவணையில்தான் வருகிறது, வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையேதான். வேலை வெளிமாநிலத்தில் பார்த்திருந்தாலும் குடியிருக்கிற ஊரை வைத்து இங்கேயே மனுப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. அலைய வேண்டியதில்லை.

காசு இல்லையே என்றால் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, ஆலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு, 15100க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். அங்கே கொடுக்கிற வக்கீலிடமும் மேலே சொன்னதை எல்லாம் கேளுங்கள், இலவசம் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகி கூட கமிஷனர் முன்னால் உங்களுக்காக ஆஜராகலாம். பல வருஷமாக தொழிலாளர் துறை ஆபீஸ் படி ஏறி இறங்குகிற சங்கத் தோழர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். எந்த வக்கீல் இந்தக் கேஸை ஒழுங்காக நடத்துகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.