தடிச்சிட்டியே, எளச்சிட்டியே

எங்கள் குமரி மாவட்டத்துக் கல்யாண வீடுகளில் "சொவமா இருக்கியா?" என்ற கேள்விக்கு நாம் வாய் திறக்கும் முன்னே அடுத்த வரி வந்து விழும். "என்ன மக்கா இப்பிடி தடிச்சிட்ட?" இல்லாவிட்டால், "எலும்பும் தோலுமா ஆயிட்டியே, வீட்டுல சோறு போட மாட்டாவளா?" இரண்டுக்கும் நடுவில் சரியான ஓர் உடம்பு உண்டென்றால், எங்கள் சொந்தத்தில் இன்னும் அது பிறக்கவில்லை.

அன்பாம். "உரிமை உள்ளவ தான கேக்கா?" என்பார்கள். எனக்கு அங்கேதான் தகராறு. அக்கறை உள்ளவர் கண்ணுக்கு உடம்பின் சுற்றளவைத் தவிர வேறு எதாவது தெரிய வேண்டாமா?

போன வருஷம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாணம். என் மைனி பாதி ஆளாக வந்து நின்றார். பந்தல் முழுக்கப் பாராட்டு. "எப்பிடி மைனி எளச்சிய?" "என்ன டயட்டு?" ஒருத்தி டயட் சார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தாள். நான் நர்ஸ். நான் பார்த்தது வேறு. தண்ணீர் பாட்டிலை அவர் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. பந்திக்கு உட்காரும் முன் இரண்டு தடவை பாத்ரூம். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் 300ஐத் தாண்டி நிற்கிறது. இன்சுலின் கைவிட்டால் சாப்பிட்ட சர்க்கரை செல்லுக்குள் போகாது, ரத்தத்திலேயே தங்கிச் சிறுநீரில் வெளியேறும். உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துத்தான் நாளை ஓட்டும். அந்த மெலிவுக்குத்தான் அத்தனை பேரும் கைகுலுக்கினார்கள். டிபி வந்தாலும் மெலியும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தாலும் மெலியும். மனசு நொந்து சோறு இறங்காவிட்டாலும் மெலியும். பந்தலில் எல்லாவற்றுக்கும் ஒரே பாராட்டு. "ராத்திரி உறக்கம் உண்டா மைனி?" என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

அப்போ எடை முக்கியமே இல்லையா என்றால், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு நான் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் எதற்கு வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கின் மூலவர் குவெட்லெட் என்ற பெல்ஜியத்துக்காரர். காலம் 1830கள். அவர் டாக்டர் அல்ல, வானியலும் புள்ளியியலும் பார்த்தவர். ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியவர். தனி ஆளை நிறுத்தி மார்க் போடுவது அவர் வேலையாக இருக்கவில்லை. பிஎம்ஐ என்ற பெயரே 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழுவின் கட்டுரையில் வந்ததுதான். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு பிஎம்ஐ 25 ஆகும் வரை காத்திருக்காமல் 23லேயே கவனிக்கச் சொல்கிறார்கள். கூடவே இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. என்று ஒரு கோடு. காரணம், கைகால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் நடக்கும் ஆளின் சுகர் ஆபத்தை எடை மெஷின் காட்டிக் கொடுக்காது. (பந்தியில் அடுத்தவளைத் தடிச்சி என்று கிண்டல் அடிப்பதும் பெரும்பாலும் இந்த வயிற்றுக்கார அண்ணன்மார்தான்.) இதெல்லாம் டாக்டர் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியவை. கல்யாண மண்டபத்துக்கு என்ன வேலை?

எடையைக் குறைத்துவிட்டால் விட்டுவிடுவார்களா? அடுத்து நிறம். "பெண்ணு நல்ல பெண்ணு தான், கொஞ்சம் நிறம் கம்மி." அந்தக் கம்மிக்குப் பவுன் கணக்கில் ஈடு கேட்பார்கள். அப்புறம் பல், முடி, உயரம். பத்துக் கிலோ போனால் தன்னம்பிக்கை வரும் என்று விற்கிற ஜிம் விளம்பரத்தை அதனால்தான் நான் நம்புவதில்லை. தராசைப் பிடித்திருப்பது வேறு கை.

இதே மண்ணில் ஒரு காலத்தில், எந்தப் பெண் தோளில் துணி போடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. 1820களில் தொடங்கி கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெண்கள் சந்தையில் மேல்துணி கிழிபட்டு, அடிபட்டு, பின்வாங்காமல் நின்றார்கள். 1859 ஜூலை 26இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து அனுமதி தந்தது. அதிலும் ஒரு கொக்கி: உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் உடுத்தக் கூடாது. தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டுக்கு 2023 மார்ச்சில் தமிழ்நாடு, கேரளம் என இரண்டு மாநில முதல்வர்களும் நாகர்கோவிலுக்கே வந்தார்கள். எல்லோரும் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தோம். என் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொல்லாதே என்பதும் அந்தப் போராட்டத்தின் மிச்சம்தான் என்று சொன்னால் மட்டும், "அது வேற, இது வேற" என்கிறார்கள். அடியும் ரத்தமும் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்தவள் உடம்புக்குத் தானே அதிகாரி என்ற நினைப்பு வேறில்லை.

அதே மார்த்தாண்டம் கல்யாணப் பந்தியில்தான் இதுவும். இலையில் போளி வைத்து, அதன்மேல் பால்பாயசம் ஊற்றிக்கொண்டே வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அதுதான் கல்யாணமே. பக்கத்து இலைச் சித்தி விளம்புகிறவரிடம், "இவளுக்கு வேண்டாம், இப்பமே அம்மைக்க சைஸு வந்தாச்சு" என்று சிரித்தார். மகள் இலையை மடக்கினாள். பள்ளிக்கூடத்தில் வட்டு எறிகிறவள் அவள். அந்தத் தோளும் தொடையும் இல்லாமல் வட்டு எங்கே பறக்கும்? அது சித்திக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

இந்த ஆவணியில் மறுபடியும் குடும்பத்தில் கல்யாணம். யாராவது ஆரம்பித்தால் "உங்களுக்கு எத்தர கிலோ சித்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்கச் சொல்லி மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பெரியவர்களிடம் அப்படியா பேசுவது என்று என் அம்மை இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தியும் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.