அந்தப் பையனை வீடியோவை நீக்க வைத்தவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரியிலிருந்து குரூப்பில் நடந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். யார் யாரைச் சொன்னார் என்று நான் திரும்ப எழுதப் போவதில்லை. ஸ்க்ரீன்ஷாட் போட்டு ஆளை நிறுத்துவது எனக்குப் பழக்கமும் இல்லை. ஒரு பையன், கிட்டாரைக் கையில் எடுத்துச் சில மாதம்தான் ஆகியிருக்கும், பிளாக் சாபத் என்கிற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டின் கிட்டார்காரர் டோனி அயோமி உண்டாக்கிய 'அயர்ன் மேன்' ரிஃப்பை, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, வாசித்து வீடியோ போட்டான். ஞாயிறு மதியத்துக்குள் வீடியோவை நீக்கிவிட்டு, குரூப்பை விட்டே போய்விட்டான்.

தாளம் தப்புகிறது, அந்த இடத்தில் ஸ்ட்ரிங் சரியாக அமுங்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு அது உதவி. நீங்கள் சொன்னது அதுவா? "மூணு கார்டு. எவன் வேணா வாசிப்பான். அயோமிக்கு வாசிக்கத் தெரியாது, அதனாலதான் இப்படி ஒரு பாட்டு. இதையெல்லாம் லெஜெண்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க." அடியில் வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் பாதிப்பேர் 2025 ஜூலையில் அந்த பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறந்தபோது கறுப்பு டிபி வைத்தவர்கள்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன். ஒரு ரிஃப் வாசிக்கச் சுலபமாக இருப்பது அதன் குறை இல்லை. வாசிப்பது சுலபம். அதை முதல் தடவை உண்டாக்கியது சுலபமில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இத்தனை பேர் இத்தனை கமெண்ட் எழுதியிருக்கிறீர்கள்.

சரளி வரிசையை எட்டு வயதுக் குழந்தை பாடுகிறது. அதை அமைத்தவர் என்று கர்நாடக சங்கீதக்காரர்கள் கொண்டாடும் புரந்தரதாசரைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு, எவன் வேணா பாடுவான்" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் அவரை அந்தப் பக்கம் சேர்ப்பார்களா? கிட்டார் என்று வந்ததும் மட்டும் ஏன் இந்த அளவுகோல் மாறுகிறது?

சரி, அந்த 'மூணு கார்டு' என்ன என்றாவது பார்ப்போம். கார்டு என்றால் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரங்கள். பவர் கார்டு என்பது ஸ-வும் ப-வும். காந்தாரம் கிடையாது. அதனால் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றிவிட்டுக் காந்தாரத்தையும் சேர்த்தால் சத்தம் கலங்கிவிடும். ஸ-ப மட்டும் இருந்தால் சுவர் மாதிரி நிற்கும். 'அயர்ன் மேன்' ரிஃப் பி-யில் தொடங்கி டி-க்கு ஏறி, இ-க்குச் சறுக்கி, மேலே ஜி-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் ஆடிவிட்டுத் திரும்ப இறங்குகிறது. விரல் வடிவம் ஒன்றுதான். அதே வடிவத்தோடு கிட்டாரின் கழுத்து நெடுக நகர வேண்டும், வேண்டாத ஸ்ட்ரிங்குகளை அடக்க வேண்டும், அவ்வளவு மெதுவான வேகத்தில் அவசரப்படாமல் நிற்க வேண்டும். மெதுவாக வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று டிரம்ஸோடு சேர்ந்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டின் ஆரம்பத்தில் ஒரு முனகல் வருமே, அது எப்படி வருகிறது என்று கமெண்ட் எழுதியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கீழ் இ ஸ்ட்ரிங்கை ஓப்பனாகத் தட்டிவிட்டு, நட்டுக்கு (கழுத்தின் மேல் நுனியில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) அந்தப் பக்கம், டியூனிங் சாவிக்கு முன்னால் இருக்கும் கொஞ்சூண்டு கம்பியை அயோமி அமுக்கி வளைக்கிறார். அந்தப் பையன் அதை முயற்சி செய்திருந்தான். முழுசாக வரவில்லை. ஆனால் எங்கே அமுக்க வேண்டும் என்று தேடிக் கண்டுபிடித்திருந்தான். அதைப் பார்த்து ஒருவர்கூட "பரவாயில்லையே தம்பி" என்று எழுதவில்லை.

இன்னொன்று. நீங்கள் சொன்னது புதுசும் இல்லை. சாபத் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது. அப்போதே ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் அதைக் கிழித்து எழுதினார். விமர்சகர்கள் கிழித்ததை பிரிட்டனில் ஜனங்கள் வாங்கி முதல் பத்துக்குள் கொண்டுபோனார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லப்பட்டு, தோற்றுப்போன வாதத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒரு சின்னப் பையன் தலையில் போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு, பேண்டின் பெயரிலேயே இருப்பது, அதன் ரிஃப்பில் மூன்றே ஸ்வரம். ஸ, மேல் ஸ, அப்புறம் பிரதி மத்தியமம். கல்யாணியில் நாம் தினமும் கேட்கிற அதே ம. அங்கே அது இனிக்கிறது. இங்கே சுற்றி வேறு ஸ்வரமே இல்லாமல், ஸ-வுக்கு எதிரே தனியாக நின்று நடுங்குவதால் பயம் வருகிறது. பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர், ஹோல்ஸ்ட் என்கிற ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'மார்ஸ்' இசையை பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்துதான் அயோமிக்கு இது பிறந்தது என்று அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று ஸ்வரத்தை வைத்துக்கொண்டு ஒரு இசை வகைக்கே கதவு திறந்தவரை வாசிக்கத் தெரியாதவர் என்கிறீர்கள்.

"பேஜ், பிளாக்மோர் பக்கத்துல நிக்க முடியுமா?" என்று லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் பேண்டுகளின் கிட்டார்காரர்களை வைத்து ஒருவர் கேட்டிருந்தார். வேகத்தில் நிற்க வேண்டாம். நிற்கச் சொல்லி யார் கேட்டது? எனக்கு பிளாக்மோரும் பிடிக்கும். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் கொடுக்க மாட்டேன்.

"பின்னாடி வந்த ஆல்பங்கள்?" என்று கேட்டவருக்கு ஒப்புக்கொள்கிறேன், எண்பதுகளின் பின்பாதியில் பாடகர் மாறி, டிரம்மர் மாறி, பேண்டில் முதலிலிருந்து இருப்பது அயோமி ஒருவர்தான் என்கிற நிலைமை வந்தது. சில ஆல்பங்கள் சுமார்தான். 2013-இல் வந்த ஆல்பத்தில் முதல் டிரம்மர் பில் வார்ட் இல்லாதது எனக்கும் வருத்தம்தான். அதனால் 1970 இல்லாமல் போய்விடுமா?

"சாத்தான் பாட்டு, பிள்ளைங்களைக் கெடுக்கும்" என்றவர்களுக்கு ஒன்று. பெரும்பாலான வரிகளை எழுதிய பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தது ஆஸியின் அப்பா, அவர் ஒரு டூல்மேக்கர். 'வார் பிக்ஸ்' பாட்டு ஏழைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொள்ளும் பெரிய மனிதர்களைப் பற்றியது. கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இதெல்லாம் வழக்கமான சண்டை. இதற்காக நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு கமெண்ட். "விரல் போச்சுன்னு ஒரு சென்டிமெண்ட் கதையை வச்சே ஓட்டிட்டாங்க."

டோனி அயோமி பர்மிங்ஹாம்காரர். பதினேழு வயதில் ஒரு தகரப் பட்டறையில் வேலை. ஒரு பேண்டோடு ஐரோப்பா போக வேண்டும் என்று வேலையை விட்டாயிற்று, அன்றைக்குக் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக மனசில்லாமல் இருந்திருக்கிறார். ஒழுங்காகப் போய் வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். வழக்கமாக பிரஸ் ஓட்டுகிற ஆள் வரவில்லை என்று, பழக்கமில்லாத அந்த மிஷினில் இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடதுகைக்காரர். அதாவது ஸ்ட்ரிங்கை அமுக்குகிற கை அது.

எங்கள் சித்தப்பா அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். எந்தப் பட்டறை என்று இங்கே வேண்டாம். பீஸ் கணக்கு ஏறவேண்டும் என்பதற்காகக் கைக்கு முன்னால் இருக்கிற தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். இடது கையில் இரண்டு விரல் நுனி அவருக்கும் இல்லை. சட்டைப் பட்டனைக் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் போடுவார், அவ்வளவு வேகமாகப் போடுவார். நான் கிட்டார் வாங்கிய புதிதில் வீட்டுக்கு வந்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரலால் ஒரு ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பார்த்தார். நகமில்லாத நுனி, மேலே வழவழவென்று தோல். கம்பி ஒரு பக்கமாக நழுவிப்போனது. மறுபடி அமுக்கினார். "வலிக்குதா சித்தப்பா?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லடா. எங்க அமுக்கறேன்னே தெரியல" என்றார்.

எங்கே அமுக்குகிறோம் என்று தெரியாத விரல். அந்த விரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வைப்ராட்டோ, அதாவது ஸ்வரத்துக்கு ஒரு அசைவு, கொடுத்திருக்கிறார், ஸ்ட்ரிங்கை வளைத்துச் சரியான ஸ்வரத்தில் நிறுத்தியிருக்கிறார். காதை மட்டும் நம்பி. அந்த வைப்ராட்டோ மாதிரி ஒன்று உங்களுக்கு வருமா? பத்து விரலும் முழுசாக இருக்கிற எனக்கு வரவில்லை.

பட்டறை ஃபோர்மேன் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் ரெக்கார்டைக் கொண்டுவந்து கேட்க வைத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் மடங்கிப்போன பிறகும் வாசித்த ஜாஸ் கலைஞர் அவர். அதற்கப்புறம் அயோமி வீட்டில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்துகொண்டார். கம்பியில் வழுக்காமல் இருக்க மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டினார். தடித்த கம்பியை அமுக்க முடியாது, அன்றைக்குக் கடையில் மெலிந்த கம்பி செட்டும் கிடையாது. பேன்ஜோவின் கம்பியை வாங்கிக் கிட்டாரில் மாட்டினார். 1971-இல் மூன்றாவது ஆல்பத்தின் சில பாட்டுகளில் டியூனிங்கையே மூன்று ஃப்ரெட் (கழுத்தில் உள்ள மூன்று கட்டம்) அளவுக்குக் கீழே இறக்கினார்கள். கம்பி தளர்ந்தது, விரலுக்குச் சுமை குறைந்தது, சத்தம் இன்னும் கனத்தது. அந்தக் கனத்தைத்தான் பிறகு வந்த டூம், ஸ்லட்ஜ் என்கிற மெதுவான, கனமான மெட்டல் வகை பேண்டுகளும், அமெரிக்காவின் சியாட்டில் பேண்டுகளும் எல்லாம் எடுத்துக்கொண்டன. நிறைய விரல் தேவைப்படுகிற கார்டைப் பிடிக்க முடியாதவர், இரண்டு ஸ்வரத்தை எவ்வளவு பெரிதாக ஒலிக்க வைக்கலாம் என்று தேடினார். நீங்கள் 'சென்டிமெண்ட்' என்று தள்ளுகிற விஷயம்தான் அந்த மூன்று கார்டுக்குக் காரணம். அதை எடுத்துவிட்டால் அந்த இசையே கிடையாது.

"சரி சார், ஆனா பேசிக் கத்துக்காம ரிஃப் வாசிக்கிறது தப்புதானே?" என்று நியாயமான குரலில் ஒருவர் கேட்டிருந்தார். நான் முதலில் போன கிட்டார் வகுப்பில் ஸ்கேல் தவிர எதையும் தொட விடமாட்டார்கள். ஸ்கேல் அவசியம், நான் இன்றைக்கும் வாசிக்கிறேன். ஆனால் என்னோடு சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பாட்டுகூட வாசிக்காமலே நின்றுபோனார்கள். நான் ஒருநாள் வகுப்பு தொடங்கும் முன் ஓரமாக உட்கார்ந்து ஒரு சாபத் ரிஃப்பை வாசித்தேன். சொல்லிக்கொடுத்தவர் எல்லார் முன்னாலும் "இந்தக் கூச்சல் போட இங்க வர வேண்டியதில்லை" என்றார். அந்த வாக்கியம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. எனக்கு வீட்டில் ஒரு டேப்பும், கூட வாசிக்க ஒரு நண்பனும் இருந்தார்கள், அதனால் விடவில்லை. அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி எழுத முடிகிறது?

2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்ஹாமில், அவர்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே இருக்கிற வில்லா பார்க் மைதானத்தில் சாபத்தின் முதல் நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். மெட்டாலிகா, ஸ்லேயர், கன்ஸ் அண்ட் ரோஸஸ் எல்லாம் வந்து அவர்களுக்கு முன்னால் வாசித்துவிட்டுப் போனார்கள், பலர் சாபத்தின் பாட்டுகளையே வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாளில் போய்விட்டார். அன்றைக்கு மேடையேறியவர்களில் பலர் சின்ன வயதில் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து, இதே பையன் மாதிரி, இதே ரிஃப்பைத் தப்பும் தவறுமாக வாசித்துத்தான் ஆரம்பித்திருப்பார்கள். முதல் மாதத்திலேயே ஒரு பிள்ளை "நானும் வாசிப்பேன்" என்று நம்பும்படி ஒரு பேண்ட் எதையாவது விட்டுப் போயிருந்தால், அதைவிடப் பெரிய சொத்து எது? விற்பனைக் கணக்கா? 2006-இல் கிடைத்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமா?

"ஆஸி செத்ததுக்கு அப்புறம்தான் இந்தப் பசங்களுக்கு சாபத் ஞாபகம் வந்துச்சு" என்பது கடைசிக் குற்றச்சாட்டு. வரட்டுமே. செத்த பிறகாவது ஒருவன் தேடிப்போய்க் கேட்கிறான் என்றால் கேட்கட்டும். நாம் முன்னாலேயே வந்துவிட்டோம் என்பதற்காக வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிற வேலையை நமக்கு யார் கொடுத்தது?

நேற்று அவனிடம் இன்பாக்ஸில் பேசினேன். வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லவில்லை, அது அவன் இஷ்டம். அடுத்து என்ன வாசிக்கலாம் என்று அவனாகவே கேட்டான். 'பாரனாய்ட்' வாசி என்றேன். ஆல்பத்தில் இடம் நிரப்ப இன்னும் ஒரு சின்னப் பாட்டு வேண்டும் என்று கடைசி நேரத்தில் அவசரமாகச் செய்தது, பிரிட்டிஷ் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது. பிக் கையை மணிக்கட்டிலிருந்து ஆட்டு, தோளிலிருந்து ஆட்டாதே, முதலில் பாதி வேகத்தில் டிரம் ட்ராக்கோடு வாசி, வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன். அனுப்புகிறேன் அண்ணா என்றான்.

கீழே பேஜா அயோமியா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அவனை டேக் பண்ணி ஒரு வார்த்தை எழுதினால் அந்த நிமிஷமே பிளாக். பல வருஷப் பழக்கம் என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.