பறவையைப் பறக்கவிடாமல் பார்த்துவிட்டு வருவோம்

குளிர்காலம் வந்தாலே முகநூல் முழுக்கப் பூநாரைகள்தான். அதிலும் ஒரே மாதிரிப் படம். ஏரித் தண்ணீருக்கு மேலே நூற்றுக்கணக்கான பறவைகள் சிறகை விரித்துப் பறக்கும், சிவப்பும் கறுப்புமாக வானம் நிறைந்திருக்கும். கீழே “அற்புதம்”, “இயற்கையின் அதிசயம்” என்று வரிசையாகக் கருத்துகள். அந்தப் படங்களில் பலவற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இதுங்களை யார் எழுப்பிவிட்டது?

பெரும் பூநாரை நிற்கும்போது பெரும்பாலும் வெளுப்பாகத்தான் தெரியும். சிறகின் அந்தச் சிவப்பும் கறுப்பும் விரித்தால்தான் கண்ணில் படும். அதனால் நிற்கிற பறவையைப் படமெடுத்தவருக்கு மனசு ஆறுவதில்லை. பழவேற்காட்டில் ஒரு முறை என் கண்ணெதிரே நடந்தது இது. படகில் இருந்தவர்கள் “அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்க, ஒரு தடவை பறந்துட்டா போதும்” என்று கேட்டார்கள். படகுக்காரர் தயங்கினார். கூடுதலாகக் காசு தருவதாகச் சொன்னதும் இன்ஜினை முடுக்கினார். அத்தனை பறவையும் எழுந்து, ஒரு வட்டம் அடித்து, வெகு தூரம் போய் இறங்கின. படகில் கைதட்டல். அந்தப் படகுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீன் படாத நாளில் நாலு காசு பார்க்க வந்தவர் அவர். கேட்டது நாம்.

கூட்டமாகப் பறவை பார்க்கப் போவதை நான் எதிர்க்கவில்லை. போகவேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் நான். ஆனால் அந்தப் பயணம் நன்றாக நடந்ததா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. எத்தனை வகை பார்த்தோம், எத்தனை படம் எடுத்தோம் என்பதெல்லாம் பிறகு. நம்மால் எத்தனை பறவை எழுந்து பறந்தது? அதுதான் முதல் கேள்வி.

இந்த ஜனவரியில் எங்கள் குழு கோடியக்கரைக்குப் போயிருந்தது. கிழக்குக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிற முனை அது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பாக் நீரிணை, நடுவே காடும் சதுப்பும் உப்பளமும். பறவையியலாளர் சலீம் அலி 1960களிலேயே இந்த இடத்தின் அருமையைச் சொன்னார். 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நீண்ட காலம் தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சர் தளம் இதுதான். வடகிழக்குப் பருவமழையில் வேதாரண்யம் சதுப்பு நிறைந்து, மழை விட்டதும் தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும். அப்படி வற்றும்போது திறக்கிற சேற்றில்தான் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரையோரப் பறவைகளுக்குச் சாப்பாடு.

விடியும் முன்னே வேதாரண்யத்தில் டீ குடித்துவிட்டு, வெளிச்சம் வரும்போது உப்பள வரப்பில் இருந்தோம். இருபது பேர் போல. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கல்லூரிப் பிள்ளைகள், எட்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண், அவளுடைய அம்மா. வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர்க்காரர். அவர் கூட்டத்தைப் பரவவிடவே இல்லை. ஒருவர் பின் ஒருவராக வரப்பில் நடக்கவைத்தார். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இதுக்கு மேல வேணாங்க. அந்தப் பவளக்காலி தலையைத் தூக்கிருச்சு பாருங்க. அது கத்துச்சுன்னா மொத்தமும் கெளம்பிரும்.”

பவளக்காலியின் கால் செக்கச்செவேல் என்றிருக்கும். சதுப்பில் முதலில் சந்தேகப்படுவதும் முதலில் கூச்சல் போடுவதும் அதுதான். அது தலையை இறக்கி மறுபடி மேயத் தொடங்கும்வரை நாங்கள் அசையவில்லை.

அப்போதுதான் ஒரு காட்சி. மழையில் கரைந்த பாத்திகளைச் சரிசெய்ய உப்பளத்துக்கு வேலைக்கு வந்த ஓர் அம்மா, தலையில் பாத்திரத்தோடு எதிர் வரப்பில் நடந்து போனார். பறவைகளுக்கும் அவருக்கும் இடையே பத்தடி இருக்கும். பவளக்காலி இரண்டு எட்டு தள்ளி நின்றது, அவர் தாண்டிப் போனதும் பழைய இடத்துக்கே வந்து சேற்றைக் கொத்தியது. கொசு உள்ளான்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நாங்களோ அதைவிடப் பல மடங்கு தூரத்தில் நின்றும் எங்களைப் பார்த்துப் பறவைகள் பதறின. ஏன்? அந்த அம்மா தினமும் அதே வழியில், அதே வேகத்தில், நிற்காமல், பறவையைப் பார்க்காமல் போகிறவர். நாம் நிற்கிறோம், கூடிப் பேசுகிறோம், முறைத்துப் பார்க்கிறோம், நீளமான கருவியை நீட்டுகிறோம். பருந்தும் நரியும் செய்வதையேதான் செய்கிறோம். தனி ஆளைப் பொறுத்துக்கொள்கிற தூரத்தில் ஒரு கூட்டத்தைப் பறவை பொறுக்காது.

ஒரு கொசு உள்ளானின் எடை இருபதிலிருந்து முப்பது கிராம்தான். வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. பகலில் பெரும்பொழுதும் தின்றுகொண்டே இருந்தால்தான் அந்தச் சின்ன உடம்பு தாங்கும். நிற்பதைவிடப் பறப்பதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும். ஒரு முறை எழுப்பினால் பறந்த சக்தி போயிற்று, தின்னாத நேரமும் போயிற்று. பொரி வல்லூறு துரத்தினால் பறந்துதான் ஆகவேண்டும், அது அதன் வாழ்க்கை. அதற்கு மேல் நம் பங்குக்கு நாமும் துரத்துவானேன்? காலையில் ஒரு குழு, பத்து மணிக்கு இன்னொரு குழு, மாலையில் வேறொன்று என்று ஆளுக்கு ஒரு முறை எழுப்பினால் அந்த நாள் அதற்கு என்னவாகும்?

எங்கள் குழுவில் முதல் வேலை கணக்கெடுப்பது. படமெல்லாம் பிறகுதான். எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அதே அளவில் பத்துத் துண்டு சேர்த்தால் நூறு. அந்த நூறை அளவாக வைத்துக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போகவேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எட்டாம் வகுப்புப் பெண்ணின் எண்ணிக்கையும் வங்கிக்காரரின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனதில் அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. எண்ண ஆரம்பித்த கூட்டம் பறவையை எழுப்பாது. பறந்துவிட்டால் கணக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். “சத்தம் போடாதே” என்று நான் ஆயிரம் முறை சொன்னாலும் நடக்காத அமைதி, எண்ணச் சொன்னதும் தானாக வந்துவிடுகிறது. புதிதாகக் குழு நடத்துகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஆலோசனை இதுதான். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களின் கணக்கெடுப்பும் நடக்கிறது. அதில் சேர்ந்துவிடுங்கள்.

தூரத்தில் நின்றால் என்ன தெரியும் என்று கேட்பார்கள். முக்காலியில் வைத்த தொலைநோக்கியில் தெரிவது கிட்டப் போனால் தெரியாது. அன்று ஒரு சின்ன உப்புக்கொத்தியை வெகு நேரம் பார்த்தோம். நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும். ஒரு காலை முன்னால் நீட்டி ஈர மண்ணில் படபடவென்று நடுக்கும். மண்ணுக்குள் இருக்கிற புழு அசைந்ததும் ஒரே கொத்து. மறுபடி ஓட்டம். பக்கத்திலேயே வளைமூக்கு உள்ளான்கள் வயிறு நனையத் தண்ணீரில் நின்று, தையல் இயந்திரத்தின் ஊசிபோல மூக்கை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. ஒன்று கண்ணால் தேடித் தின்கிறது, மற்றொன்று மூக்கு நுனியால் தடவித் தின்கிறது. ஒரே சேறு, இரண்டுக்கும் சண்டையில்லை. இயல்பாக இருக்கிற பறவைதான் இதையெல்லாம் காட்டும். பதறிப்போன பறவை முதுகைத்தான் காட்டும்.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் வலை வைத்து ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினர் பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களின் கைத்திறன்தான் இந்த வளையமிடும் வேலைக்குப் பெரிய துணை. ஓர் இறகு நோகாமல் பிடிக்கத் தெரிந்த கைகள் அவை. இங்கிருந்து போன பறவை எங்கெங்கே போகிறது என்று அதனால்தான் தெரியவந்தது. இன்று உலகத்தில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கிற கரண்டிமூக்கு உள்ளானும் 1980களில் இங்கே பதிவானது. கொசு உள்ளான் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஒன்றாவது கரண்டிமூக்கோடு நிற்காதா என்று ஒவ்வொரு மூக்காகத் தேடுவேன். இதுவரை கிடைக்கவில்லை. கூட்டத்தை எழுப்பிவிட்டால் அந்தத் தேடலுக்கும் வழியில்லை.

“பறக்கிற படம் எடுக்கவே கூடாதா?” என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். தாராளமாக எடுக்கலாம், காத்திருந்து எடுக்கவேண்டும். காலையிலும் அந்தியிலும் அவை தாமாகவே இடம் மாறும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாக வந்தால் மொத்தக் கூட்டமும் எழும். அன்று அப்படித்தான் நடந்தது, தம்பிக்கும் படம் கிடைத்தது. டிரோன் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது என்பது ஒரு பக்கம். பறவைக்கு அது தலைக்கு மேலே வந்து நிற்கிற பருந்து. காட்டுக்குள் ஆறுமணிக்குருவியை வரவழைக்கச் செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவதும் இதே ரகம்தான். வலசையில் களைத்து வந்த குருவியைப் பொய்க் குரலுக்கு அலையவிடுவது என்ன ரசனை?

இன்னொரு கேள்வியும் வரும். உப்பளம் பெருகுகிறது, சீமைக்கருவேலம் காட்டைத் தின்கிறது, 2018-ல் கஜா புயல் அந்தக் காட்டை அடித்து நொறுக்கியது, இதையெல்லாம் விட்டுவிட்டு நாலு பேர் படமெடுப்பதையா பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று. கேள்வி நியாயம்தான். அந்தப் பெரிய விஷயங்களுக்கு வனத்துறையும் அரசும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும், அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும். கேட்கும்போது கையில் ஆண்டு ஆண்டாக எடுத்த கணக்கு இருந்தால் பேச்சுக்குப் பலம் வரும். ஆனால் படகை முடுக்கச் சொல்லாமல் இருப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நாளைக் காலையிலிருந்தே நிறுத்தலாம். பறவையை எழுப்பாத படகுக்காரருக்கும், “இதுக்கு மேல வேணாங்க” என்று கை காட்டுகிற வழிகாட்டிக்கும் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கினால் போதும், எழுப்புவதற்குக் காசு என்ற வழக்கமே மாறிவிடும்.

மார்ச் கடைசியில் மறுபடி கோடியக்கரை போகிறோம். வளைமூக்கு உள்ளான்கள் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும், சைபீரியா வரை பறப்பதற்கான கொழுப்பை உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கும். ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலும் அப்போது நஷ்டம் பெரிது. அதனால் இந்த முறை எட்டுப் பேருக்கு மேல் அழைத்துப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதுவரை வராதவர்களுக்கு முன்னுரிமை. மங்கிய நிறத்தில் சட்டை, தொப்பி, தண்ணீர், குறிப்பேடு, பேனா. கேமரா இருந்தால் கொண்டு வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் அது பைக்குள்ளேயே இருக்கும் என்பதற்குச் சம்மதம் என்றால் உட்பெட்டியில் சொல்லுங்கள்.